ஆமைப்பாறை தெரியும்வரை

மீன் எந்த நேரத்தில் கடிக்கும் என்றுதானே கேட்டீர்கள். சொல்கிறேன், உட்காருங்கள் தம்பி. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். பெஞ்சில் உட்காருங்கள். பையை இப்படி வையுங்கள். தூண்டிலை அந்தக் கம்பத்தில் சாய்த்துவிடுங்கள், இங்கே எண்ணெய் தெறிக்கும். நல்ல கம்புதான். இழுக்க இழுக்க நீளுகிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் எல்லோரும் இப்போது இதைத்தான் கொண்டுவருகிறார்கள். கம்பு நீண்டால் மீன் வந்துவிடுமா?

இரண்டு பொட்டலம் கேட்டீர்கள். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று யாருக்கு? ஓ, கூட வந்தவருக்கா. தூண்டிலோடு முன்னால் இறங்கிவிட்டாரா. சரி. இடம் பார்க்கட்டும். பாறையில் செருப்போடு நடக்க முடியாது, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் போவார்.

வறுபட நேரமாகும். சின்னத் தீயில் வைத்திருக்கிறேன். தீயைக் கூட்டினால் மேலே கருகிவிடும், உள்ளே பச்சையாக இருக்கும். அப்புறம் ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுவீர்கள். பசித்தால் இந்த வெங்காயத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்து தின்றுகொண்டிருங்கள். நீங்கள் வரும்போது மொபெட்டில் ஒருவர் சாப்பாட்டுத் தூக்கோடு போனாரே, பார்த்தீர்களா? அங்கமுத்து அண்ணன். மேலே பவர் ஹவுஸில் வாட்ச்மேன். மதியச் சாப்பாடு என்னிடம்தான். மற்ற நாளில் உச்சிப் பொழுதுக்கு வருவார். இன்றைக்கு வெள்ளென வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முன்பெல்லாம் சொல்வார். இப்போது தூக்கை நீட்டுவார், வாங்கிக்கொள்வார், போய்விடுவார்.

மீன் கதைக்கு வருகிறேன். காலையில் வெயில் ஏறும் முன்னால் கடிக்கும், சாயங்காலம் வெயில் இறங்கிய பின்னால் கடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். குளத்துக்கு அது போதும். ஆற்றில் தண்ணீரின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடி மாதிரித் தெளிந்து கிடந்தால் உங்கள் நிழல் விழுந்தாலே மீன் எட்டப் போய்விடும். மேலே மழை பெய்து செக்கச் செவேலென்று இறங்கினால் உங்கள் புழு அதன் கண்ணுக்குத் தெரியாது. கெளுத்தி மட்டும் வாடை பிடித்து வரும், அதுவும் கோழிக்குடல் போட்டால். இரண்டுக்கும் நடுவே அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஒரு நிறம் இருக்கும் பாருங்கள், அன்றைக்குப் போக வேண்டும். காற்றும் வேண்டும். ஆடிக்காற்று வேண்டாம், தக்கை அசைவது மீனாலா காற்றாலா என்று தெரியாது. மேல்காற்று லேசாகத் தடவினால் போதும். கீழ்காற்று அடித்தால் போர்த்திப் படுத்துக்கொள்ளலாம் என்பார் என் வீட்டுக்காரர். பௌர்ணமியை ஒட்டி மீன் ராத்திரியெல்லாம் மேய்ந்துவிட்டுப் பகலில் வயிறு நிறைந்து கிடக்கும். மார்கழியில் வெயில் பாறையைச் சுட வைத்த பிறகுதான் அசையும்.

இவளுக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று பார்க்கிறீர்கள். நான் ஒரு நாளும் தூண்டில் பிடித்ததில்லை. பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். தண்ணீரைப் பார்த்தால் சின்ன வயதிலிருந்தே எனக்குக் கால் கூசும். கட்டிக்கொடுத்தது ஆற்றங்கரையில். இந்த அடுப்புக்குப் பின்னால் நின்று, அவரும் அவர் தம்பியும் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

ஆனால் இது எல்லாவற்றையும் விட நல்ல நேரம் ஒன்று இருக்கிறது. வெளியூர்க்காரர்களிடம் அதை யாரும் சொல்லமாட்டார்கள். வரும்போது கதவணையைப் பார்த்திருப்பீர்கள். பவர் ஹவுஸ் மிஷின் நிற்கும்போது இங்கே ஆறு வற்றி, பாறை பாறையாகத் தெரியும். மீனெல்லாம் மடுவில் ஒதுங்கிச் செத்தது போலக் கிடக்கும். மிஷினை ஓட்டினால் புதுத் தண்ணீர் இறங்கும். முதலில் ஒன்றும் தெரியாது. பாறை இடுக்கில் நுரை ஒன்று சுற்றும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் மூக்கில் பட்டதும் மீனுக்கு வெறி பிடித்துவிடும். வெறும் முள்ளைப் போட்டாலும் கவ்வும். அந்தக் கொஞ்ச நேரம்தான் நேரம். அதற்கு மேல் நின்றால் முழங்கால், அப்புறம் இடுப்பு, அப்புறம் நின்ற பாறையே இருக்காது. எங்கள் ஆட்களுக்கு அளவு தெரியும். கையை விட்டுப் பார்த்தே சொல்வார்கள். கெண்டையும் ஜிலேபியுமாக வாரிக்கொண்டு, சிரித்துக்கொண்டே கரையேறுவார்கள். எனக்கு இங்கே உயிர் போய் உயிர் வரும்.

மிஷின் எப்போது ஓடும் என்றால், ஊரில் விளக்குப் போடும் நேரத்துக்கு ஓடும். காலையில் ஓடும். பகலில் பெரும்பாலும் நிற்கும். கம்பெனிகளுக்கு லீவு என்றால் பகல் முழுக்க நிற்கும் என்பது கணக்கு. நீங்கள் டவுனில் சுவிச்சைத் தட்டுகிறீர்கள், இங்கே எங்களுக்குத் தண்ணீர் ஏறுகிறது. பெரிய ஷட்டரைத் தூக்கினால் சங்கு ஊதும். மிஷினுக்கு ஊதாது. கரையில் ஒரு போர்டு இருக்கிறது, அதில் துணி காயப்போடுகிறார்கள்.

அதோ, புங்கமரத்துக்கு நேராகப் பாருங்கள். கூன் விழுந்த முதுகு மாதிரி ஒரு பாறை. ஆமைப்பாறை என்போம். அது காய்ந்து தெரிகிற வரைக்கும் பயமில்லை. முதுகு நனைந்தால் ஏறிவிட வேண்டும். எனக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, தூரத்தில் எல்லாம் புகையாகத் தெரிகிறது. உங்களுக்குத் தெரிகிறதா? தெரிகிறதல்லவா. சரி. பேசிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

பக்கத்தில் மூங்கில் சாய்ந்து, கூரை பிய்ந்து கிடக்கிறதே, அது என் கொழுந்தனார் பெண்டாட்டி வளர்மதியின் கடை. அவளுக்கும் இதே வறுவல்தான். ஒரே ஆறு, ஒரே மீன், அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் பிடித்து வருவார்கள், இரண்டு கடைக்கும் பாதி பாதி. எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் இல்லை. அவளுக்குக் கூட்டம் அதிகம். வாய் இனிப்பு. எனக்கு அது வராது. சாப்பிட வருகிறவனிடம், பிள்ளையைத் தண்ணீரில் விடாதே, போன வருஷம் ஒருவன் போனான், அதற்கு முந்தின வருஷம் இரண்டு பேர் போனார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தால் எவன் இரண்டாவது துண்டு கேட்பான்? ஆனால் சொல்லாமல் எப்படி இருப்பது?

அப்போதெல்லாம் நான் கத்துவேன். ஆமைப்பாறை நனைகிற மாதிரி இருந்தால் போதும், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மேட்டில் நின்று கத்துவேன். என்ன கத்துவேன் என்று இப்போது சொல்லமாட்டேன். ஆற்றில் எது வந்தால் பாறையில் நிற்கிறவன் ஓட வேண்டுமோ, அதுதான். இரண்டே வார்த்தை. கதைக்காகச் சொன்னால் குற்றமில்லை என்று பூசாரி சொன்னார். இருந்தாலும் எதற்கு வம்பு.

சில நாள் நான் கத்தினது சரியாக இருக்கும். பல நாள் தவறாக இருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். மேகம் போனால் பாறை கறுத்துத் தெரியும். எருமை ஏறிப் படுத்தால் நனைந்துவிடும். அதற்கு நான் என்ன செய்வேன்? கொழுந்தனார் மாதேசு எனக்குப் பேரே வைத்துவிட்டார். சங்கு. மடுவிலிருந்து அவர் குரல் இங்கே வரைக்கும் கேட்கும்.

"சங்கு ஊதியாச்சு. எல்லாரும் ஒரு டீயக் குடிச்சுட்டு வாங்கப்பா."

கரையே சிரிக்கும். என் வீட்டுக்காரரும் சிரிப்பார். அவருக்குச் சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும். நெஞ்சில் ஈரமுள்ள மனிதர்தான் மாதேசு. நல்ல வாளை கிடைத்தால் முதல் துண்டம் எனக்கு வரும். "அண்ணி, பயந்து பயந்து ரத்தமெல்லாம் சுண்டிப்போச்சு உங்களுக்கு, இதத் தின்னுங்க" என்று இலையில் வைத்துவிட்டுப் போவார். எனக்கு அது பிடிக்கும். ஆனால் அந்தப் பேர் மட்டும் பிடிக்கவில்லை. பேரக்குழந்தை எடுக்கிற வயதில் ஒருத்தியைச் சங்கு என்று கூப்பிடுவதா?

அந்த வருஷம் புரட்டாசிக்கு முன்னால், வளர்மதியின் அண்ணன் வீட்டில் காதுகுத்து. ஆற்றோரத்தில் எங்கள் கன்னிமார் இருக்கிறார்கள், ஏழு கல், அங்கேதான் வைத்தார்கள். மணலில் பந்தி. நான் பாயசம் கிளறிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆமைப்பாறை கறுப்பாக இருக்கிறது. என் மகள் மோகனா அப்போது முழுகாமல் இருந்தாள், அவளும் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எப்படி இருக்கும்? கத்திவிட்டேன்.

வெளியூர் ஜனம், அவர்களுக்கு என்னைத் தெரியாது. இலையை விட்டு எழுந்து ஓடினார்கள். ஒரு காது குத்தி, ஒரு காது குத்தாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மாமன் ஓடினார். ஆசாரி கூர் கம்பியோடு பின்னால் ஓடினார். வளர்மதியின் பெரியம்மா பாயசத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அந்தம்மாள் அதற்கப்புறம் நடக்கவே இல்லை. எல்லோரும் மேட்டில் நின்று பார்க்கிறோம், ஒரு மேகம் நகர்ந்தது, பாறை பளிச்சென்று காய்ந்து கிடக்கிறது.

வளர்மதி என்னிடம் வந்தாள். அவள் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"ஏன்க்கா, உங்க வாய்லதான் ஆறு ஓடுதா? நீங்க வாயத் தொறக்கலைன்னா இந்தக் கரையில எல்லாரும் நல்லா இருப்போம்."

"நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றேன்.

"எங்க நல்லத நாங்க பாத்துக்கறோம். இனிமே இந்தப் பேச்சு உங்க வாயில வராதுன்னு சொல்லுங்க."

"வராது."

"எத்தன தடவ சொல்லியிருக்கீங்க. சூடம் அணைச்சுச் சொல்லுங்க."

அவளே கன்னிமார் கல்லுக்கு முன்னால் சூடத்தை ஏற்றினாள். நான் உள்ளங்கையால் அணைத்தேன். இதோ பாருங்கள், தழும்பு. இனி அந்த வார்த்தையை என் வாயால் சொல்லமாட்டேன், சொன்னால் என் மகள் வயிற்றில் இருப்பது தங்காமல் போகட்டும் என்று சத்தியம் செய்தேன். மகளுக்கு அதற்கு முன்னால் இரண்டு கலைந்திருந்தது. எல்லோரும் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். சத்தியத்தில் பிள்ளையை இழுத்தது நானேதான் என்று ஊரில் சொல்கிறார்கள். வளர்மதி இழுத்த மாதிரித்தான் எனக்கு ஞாபகம். கோபத்தில் எதை யார் சொன்னது என்று யாருக்குத் தெரியும்?

அன்றோடு எனக்கும் அவளுக்கும் பேச்சு நின்றது. நானும் வாயை மூடிக்கொண்டேன். பாறை நனையும், காயும், நான் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பேன். மாதேசு கீழே இருந்து, "என்ன அண்ணி, சங்கு ரிப்பேரா?" என்று கேட்பார். இந்தத் துண்டைத் திருப்பிப் போடுகிறேன், இருங்கள்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியெல்லாம் லீவு, மிஷின் ஓடாது, பகல் முழுக்க ஆறு நம்முடையது. அன்றைக்குத் தண்ணீரும் நான் சொன்ன அந்த நிறத்தில் இருந்தது, மேல்காற்று. அண்ணனும் தம்பியும் காலையிலேயே தூண்டிலுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஆமைப்பாறையைத் தாண்டி நடு மடுவுக்குப் போய்விட்டார்கள். அங்கே போய்விட்டால் திரும்பி வரப் பாறை பாறையாகத் தாவி வர வேண்டும். மீன் அசையவே இல்லை. எதுவும் ஓடாத நாளில் மீன் எங்கே அசையும்? ஆனாலும் உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கமுத்து அண்ணன் மொபெட்டில் வந்தார். கோடு போட்ட புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம்.

"தங்கச்சி, பூஜைக்கு எலுமிச்சம்பழம் பத்தல. ரெண்டு குடு. புது மிஷின் வந்திருக்குல்ல, பூசணிக்கா உடைச்சதும் ஒரு சுத்து ஓட்டணும்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. சும்மா நிறுத்தி வெச்சா ஆகாதாம். ஆத்துல ஆளுங்க இருந்தாச் சொல்லி விட்டுரு."

பழத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்? என்னிடம். சத்தியம் செய்ததை அவரும் நின்று பார்த்தவர்தான். அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் பழி என் மேல்.

நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள். வளர்மதி கடை இருபது அடி தூரம்தான். நான் அவளைப் பார்த்தேன். உண்மையாகப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேச்சில்லாதவளிடம் போய் எந்த முறையில் வாயைத் திறப்பது? கரையில் வேறு யாரையாவது அனுப்பலாம் என்றால், அனுப்பினாலும் சொல்வது என் வாய்தானே. மோகனா உள்ளே படுத்திருக்கிறாள், ஏழாம் மாதம், கால் வீங்கிப் போய். அவள் முனகுவது எனக்கு இங்கே கேட்கிறது.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. அம்மனே கொடுத்த யோசனை என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன்.

"மாமா, எனக்கு நெஞ்சுல என்னமோ பண்ணுது. உடனே மேல வாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். இரண்டு பேரும் வாங்க என்றுதான் சொன்ன ஞாபகம். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை, சத்தியம் சத்தியமாக இருந்தது, அவரும் வந்துவிட்டார். முழங்காலுக்கு மேலே நனைந்திருந்தார். மூச்சு வாங்கியது. வந்ததும் என் கையைப் பிடித்துப் பார்த்தார், "வண்டி கொண்டாரட்டுமா, ஆஸ்பத்திரி போலாமா" என்று பதறினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிப் பதறி நான் பார்த்ததில்லை. மனசுக்கு ஒரு மாதிரி நிறைவாகக்கூட இருந்தது. "உக்காருங்க, சுக்குத் தண்ணி குடிச்சாச் சரியாயிரும்" என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்தார், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நல்ல நேரம் பாத்துக் கூப்புட்ட போ. காலைல இருந்து ஒண்ணும் அசையல, இப்பத்தான் எடுக்க ஆரம்பிச்சுது. போட்டாப் போட்ட எடத்துல கவ்வுது. மாதேசு வர மாட்டேன்னுட்டான். நீ போ, நான் நாலு புடிச்சுட்டு வரேங்கறான்."

மீன் எடுக்க ஆரம்பித்தது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் லீவு நாள். ஓடாத நாள் என்று மனதில் வைத்துவிட்டால், கண் முன்னால் நுரை சுற்றினாலும் தெரியாது. ஆயுத பூஜை அதிர்ஷ்டம் என்று நினைத்திருக்கிறார்கள். நான் சுக்கைத் தட்டிக்கொண்டிருந்தேன். கல் என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதைப் பார்த்து அவர், "படுத்துக்கோ, நான் தட்டறேன்" என்று எழுந்தார். எழுந்தவர் ஆற்றைப் பார்த்தார்.

ஆமைப்பாறை இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ. சுக்குத் தட்டின கல்லைக் காலால் தள்ளிவிட்டு ஓடினார். அவர் போட்ட சத்தத்தில் வளர்மதி கரண்டியோடு ஓடினாள். மாதேசு நடுப்பாறையில் நின்றுகொண்டிருந்தார், இடுப்பு வரைக்கும். கையில் தூண்டில் வளைந்திருந்தது, மீன் மாட்டியிருந்தது, அதை அவர் விடவில்லை. விட்டிருந்தால் பாறையைப் பிடிக்க இரண்டு கையும் இருந்திருக்கும் என்று சொல்கிறார்கள். மேட்டில் நின்று நானும் பார்த்தேன். அப்போதுகூட நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லி என்ன பயன், அதுதான் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறதே.

கீழே நாணல் புதரில் மறுநாள் அவரை எடுத்தார்கள். பூஜைக்கு ஓட்டின மிஷினை, பூசணிக்காய் காயும் முன்னால் நிறுத்திவிட்டார்கள். ஒரு சுற்றுதான்.

காரியத்தன்று அங்கமுத்து அண்ணன் எல்லோர் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "தங்கச்சிகிட்டச் சொல்லிட்டுத்தான போனேன், தங்கச்சிகிட்டச் சொல்லிட்டுத்தான போனேன்." அழுகிறவர் வாயை யார் பொத்துவது? என் வீட்டுக்காரர் அப்போது ஒரு வார்த்தை சொன்னார். "மாதேசையும் கூட்டியாரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், நீங்க மட்டும் வாங்கன்னா."

நான் அப்படிச் சொல்லவில்லை. மடுவில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அவர் காதில் எப்படி விழுந்ததோ. அப்படியே சொல்லியிருந்தாலும்தான் என்ன? மாதேசு வந்திருந்தால் என் முகத்தைப் பார்த்த உடனே நெஞ்சுவலி பொய் என்று கண்டுபிடித்திருப்பார். அண்ணி இப்போது நெஞ்சிலேயே சங்கு ஊதுகிறார்கள் என்று கரை முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். எத்தனை நாள்தான் ஒருத்தி பொறுத்துக்கொள்வாள்? அவர் சாக வேண்டும் என்று யாராவது நினைப்பார்களா? அவருக்குத்தான் அளவு தெரியுமே, ஏறிவிடுவார் என்று நினைத்தேன்.

மோகனாவுக்குப் பெண் பிறந்தாள், எனக்குப் பேத்தி. கல் மாதிரி இருக்கிறாள், கண் பட்டுவிடும் போல. சத்தியம் காப்பாற்றியது. நான் அதை வீட்டில் சொன்னால் என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விடுகிறார். இப்போது செங்கல் சூளையில் காவலுக்குப் போகிறார். ஆற்றுப் பக்கம் வருவதில்லை. என் கையால் சாப்பிடுவதில்லை, சூளையிலேயே பொங்கித் தின்கிறார். குழந்தை கையை நீட்டினால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பச்சைக் குழந்தை என்ன பாவம் செய்தது? நான் என்ன பாவம் செய்தேன்? இருந்த இரண்டு பேரில் ஒருவரைக் காப்பாற்றினேன். என் புருஷனைக் காப்பாற்றினேன். அதற்குக் கிடைத்த மரியாதை இது. இந்த மீன்கூட ஆற்று மீன் இல்லை தம்பி, டேம் மீன், ஐஸ் பெட்டியில் வண்டியில் வருகிறது. உங்களிடம் பொய் சொல்வானேன்.

வளர்மதி கடையை அப்படியே போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டாள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாளாம். என் குறை ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். சூடத்தை ஏற்றினவள் அவள். அவள் வந்து அதே இடத்தில் திரும்பவும் சூடம் ஏற்றி, என் நெற்றியில் திருநீறு வைத்தால்தான் சத்தியம் இறங்கும் என்று பூசாரி சொல்கிறார். பேத்தி பிறந்துவிட்டாள், இனிமேல் என்ன என்று கேட்டால், பிறந்த பிள்ளைக்கும் அது உண்டு என்கிறார். இரண்டு தடவை ஆள் அனுப்பினேன். பழம், வெற்றிலை எல்லாம் வைத்துத்தான் அனுப்பினேன். என்ன சொல்லி அனுப்பினாள் தெரியுமா?

"அந்தச் சத்தியம் அவங்ககிட்டயே இருக்கட்டும். நல்லாப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லு."

இது நியாயமா? ஒருநாள் லீவு போட்டு வந்து ஒரு சூடம் ஏற்றினால் என்ன குறைந்துவிடும்? கரையில் இப்போது யாரும் கத்துவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் இறங்குகிறார்கள். நான் மட்டும் இங்கே வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். இது அவளால்தானே? மனசாட்சி என்று ஒன்று அவளுக்கு இருக்க வேண்டாமா?

இதோ, உங்கள் மீன் ஆயிற்று. எப்போதோ ஆயிற்று. பேச்சில் கவனிக்காதது போல இருந்தேன். இன்னும் கொஞ்சம் உட்காருங்கள், சூடாகத் தின்றுவிட்டுப் போங்கள். எதற்கு எழுந்திருக்கிறீர்கள். எல்லோரையும் இப்படித்தான் உட்கார வைக்கிறேன். அங்கமுத்து அண்ணன் வெள்ளென வந்து சாப்பாடு வாங்கிப் போனால், அன்றைக்கு வேளை கெட்ட வேளையில் மிஷின் ஓடப்போகிறது என்று எனக்குத் தெரியும். அவர் சொல்ல மாட்டார், நான் சொல்ல முடியாது. அதனால் வருகிறவரிடம் மீனைப் பற்றிப் பேசுகிறேன். இந்தக் கதையையும் சொல்கிறேன். கேட்கிறவர் தப்பித்துக்கொள்கிறார்.

ஆமைப்பாறை தெரிகிறதா?

தெரியவில்லையா. எப்போதிலிருந்து? அதைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்றுதானே சொன்னேன் தம்பி. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி.

கூட வந்தவர் மடுவுக்குத்தான் போனாரா? போயிருக்க மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, மெதுவாகத்தானே போயிருப்பார். ஃபோன் போட்டுப் பாருங்கள். போடுங்கள். எங்கே அடிக்கிறது? இந்தப் பையிலா? நனையாமல் இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனாரா.

நீங்கள் என் முன்னால் வந்தீர்கள், உங்களை உட்கார வைத்தேன். அவரை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இல்லை, இல்லை, நீங்கள் சொன்னீர்கள்தான். சொன்னீர்கள். அவருக்கும் சேர்த்துத்தான் இரண்டு பொட்டலம் கட்டினேன்.

பொட்டலத்தைப் போடுங்கள். கீழே இறங்காதீர்கள், புங்கமரத்து மேட்டில் நின்றால் மடு வரைக்கும் கேட்கும். இப்போது அவருக்கு மீன் நன்றாக எடுக்கும், சாதாரணமாகக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். பேரைச் சொல்லிக் கத்தினால் மீன் காட்டக் கையைத் தூக்குவார். என்ன கத்த வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். ஓடுங்கள் தம்பி. கத்துங்கள்.